வெள்ளத்தாயின் குரல் கேமராவுக்குப் போன விதம்

"உங்ககிட்ட கத்துக்க வந்தேன் பாருங்க, அதுதான் நான் செஞ்ச தப்பு."

சவரிமுத்து கேமரா பையை மேசைமேல் போட்டான். மேசை ஆடியது. தேநீர் சிந்தியது.

தாஹிரா துணியை எடுத்துத் துடைத்தாள்.

மதுரையில், ஸ்கூட்டருக்கு சீட் கவர் தைக்கிற கடையின் மாடியில் அவள் ஒலிப்பதிவு சொல்லிக்கொடுத்தாள். சவரிமுத்து திண்டுக்கல்லில் கல்யாண வீடியோ எடுக்கிறவன். ஐம்பதைத் தாண்டியவன். அவளைவிட மூத்தவன். ஆனாலும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவான், கோபத்திலும்.

"என்னண்ணே ஆச்சு?"

"நீங்க சொன்ன ரெக்கார்டரைத்தான் வாங்கினேன். நீங்க சொன்ன மாதிரிதான் கேபிளைப் போட்டு கேமராவுல சேர்த்தேன். என்ன வந்திருக்குன்னு நீங்களே கேளுங்க."

கேமராவை ஓடவிட்டான். சின்னத் திரையில் ஒரு பெண் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அவள் வாய் அசைந்தது. கேமராவிலிருந்து தகரத்தைத் தரையில் இழுப்பதுபோல ஒரு சத்தம் வந்தது.

"யாரு இந்த அம்மா?"

"வெள்ளத்தாய். இவங்க மக இந்துமதி, நூல் மில்லு ஹாஸ்டல்ல தங்கி வேலை பார்த்த பொண்ணு. காய்ச்சல்ல கிடந்திருக்கு. வீட்டுக்கு அனுப்பல. வேலையில நிறுத்தியிருக்கானுங்க. செத்துப்போச்சு."

தாஹிரா கேமராவின் சத்தத்தைக் குறைத்தாள்.

"பெண்கள் சங்கத்துல கூட்டம் போடுறாங்க. அதுல காட்டணும், அந்தம்மாவைப் பேசவச்சு எடுத்துக் குடுங்கன்னு என்னைக் கேட்டாங்க. இத்தனை வருஷமா மாலை மாத்துறதை எடுத்தவன் நான். முதல் தடவையா உருப்படியா ஒரு வேலை வந்துச்சு. அதுலயும் மண்ணு."

"ரெக்கார்டர்லயே தனியா பதிவாகியிருக்குமே. அது நல்லா இருக்கும்."

"அதுல ஒண்ணுமே இல்ல!" அவன் குரல் உயர்ந்தது. "சிவப்பு விளக்கு மினுக் மினுக்குனு எரிஞ்சுது. ஓடுதுன்னு நினைச்சேன்."

"மினுக்கினா சத்தம் கேமராவுக்குப் போகும், ஆனா ரெக்கார்டர்ல பதிவாகாது. காத்திருக்குன்னு அர்த்தம். இன்னொரு தடவை அமுக்கணும். விளக்கு நின்னு எரியணும்."

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேன்."

சவரிமுத்து ஜன்னல் பக்கம் போய் நின்றான். கீழே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதன்மேலும் அவனுக்குக் கோபம் வந்தது.

"ஹெட்போன் போட்டிருந்தீங்களா?"

"பையில இருந்துச்சு."

"பையிலயா?"

"வெளிச்சம் பார்க்கவா, முகத்தைப் பார்க்கவா, ஃபோகஸ் பார்க்கவா? எனக்கு என்ன பத்துத் தலையா இருக்கு? விடுங்க. இதைச் சரிபண்ண ஒரு சாஃப்ட்வேர் இருக்கும்ல. அதைப் போட்டுக் குடுங்க. நான் போறேன்."

"அந்தம்மா என்ன சொன்னாங்க?"

"என்ன சொல்லுவாங்க? மில்லுக்காரன்தான் கொன்னான்னு சொன்னாங்க."

"நீங்க கேட்டீங்களா?"

"அதைச் சொல்றதுக்குத்தானே உட்கார்ந்தாங்க!"

தாஹிரா கேமராவில் ஹெட்போனைச் செருகித் தன் காதில் மாட்டினாள். கண்ணை மூடிக்கொண்டு முதலிலிருந்து கேட்டாள். கடைசிவரை கேட்டாள். சவரிமுத்து அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தான்.

அவள் கண்ணைத் திறந்தாள்.

"படம் எடுக்கும்போது உங்க பின்னாடி யாரு நின்னா?"

"யாருமில்ல."

"ஒரு ஆம்பளை."

"ஓ, வீரணனா. அந்தம்மாவோட கொழுந்தன். நல்ல மனுஷன். முகத்துல வெளிச்சம் பத்தலைன்னு சொன்னதும் தெர்மகோல் அட்டையை அவரேதான் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. கை வலிக்குதுன்னுகூட சொல்லல."

"என்ன வேலை பார்க்கிறாரு?"

சவரிமுத்து நின்றான்.

"சூப்பர்வைசர்."

"எங்க?"

"அந்த மில்லுலதான்," என்றான். தாஹிரா ஹெட்போனைக் கழற்றி அவனிடம் நீட்டினாள்.

முதலில் தகரச் சத்தம்தான் கேட்டது. காதைப் பிய்த்தது. கழற்றப் போனான். அவள் தலையசைத்துத் தடுத்தாள்.

அந்தச் சத்தத்துக்குள் ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள்.

"காய்ச்சல்னு போன் பண்ணுச்சு..."

ஒரு இருமல். ஆணின் இருமல்.

"...இல்ல, பண்ணலை. எங்களுக்குத் தெரியாது."

மறுபடி தகரச் சத்தம்.

"ஹாஸ்டல்ல நல்லாத்தான் பார்த்தாங்களாம். ஆனா..."

இருமல்.

"...யாரும் காரணமில்ல சார். எங்க விதி."

சவரிமுத்து ஹெட்போனைக் கழற்றினான். திரையில் அந்த முகம் இன்னும் பேசிக்கொண்டிருந்தது. அழகான சட்டகம். மூக்குத்தியில் வெளிச்சம் சரியாக விழுந்திருந்தது. அந்தக் கண் ஒவ்வொரு தடவையும் கேமராவைத் தாண்டி அவன் தோளுக்கு மேலே போய்த் திரும்புவதை இப்போதுதான் பார்த்தான்.

"அந்த நாயை..." என்றான்.

தாஹிரா கேபிளை எடுத்தாள்.

"நான் அவன்கிட்ட நன்றி வேற சொல்லிட்டு வந்தேன், டீச்சர். கையெடுத்துக் கும்பிட்டேன்."

அவள் ரெக்கார்டரையும் கேமராவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"ரெக்கார்டர்ல இருந்து வர்ற சத்தம் பலமா வரும். கேமராவோட மைக் ஓட்டைக்கு அவ்வளவு தாங்காது. அதான் உடைஞ்சுபோச்சு. முதல்ல ரெக்கார்டர்ல வெளிய போற சத்தத்தைக் குறைங்க. கேமராவுல சத்தத்தைத் தானா கூட்டிக் குறைக்கிற ஆட்டோவை அணைச்சுட்டு அளவை அடிமட்டத்துக்குக் கொண்டு வாங்க. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க."

"இப்ப இதுவா முக்கியம்?"

"ஹெட்போன் ரெக்கார்டர்ல வேண்டாம். கேமராவுல போடுங்க. சத்தம் கடைசியா போய்ச் சேர்ற இடத்துல கேக்கணும்."

"நான் நாளைக்கே போறேன். அவனைக் கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளிட்டு எடுக்கிறேன்."

"அவங்க வீடு. அவரு கொழுந்தன். நீங்க படம் எடுத்துட்டு பஸ் ஏறிடுவீங்க."

"அப்ப என்னதான் செய்யச் சொல்றீங்க?"

தாஹிரா சின்ன மைக்கை அவன் சட்டைப் பொத்தானில் குத்தினாள். ரெக்கார்டரின் பொத்தானை இரண்டு தடவை அமுக்கினாள். சிவப்பு விளக்கு நின்று எரிந்தது. ஹெட்போனை அவன் காதில் மாட்டினாள்.

"சொல்லுங்க டீச்சர், என்னதான் செய்யச் சொல்..."

அவன் கத்தியது அவன் காதுக்குள்ளேயே இடித்தது. தோள் தூக்கிப்போட்டது.

"எதுக்கு இப்ப என்னை..." என்றான். பாதியில் குரல் இறங்கியது.

தன் மூச்சு கேட்டது. அது ஓடி வந்தவன் மூச்சுபோல இருந்தது. எச்சில் விழுங்குவது கேட்டது. சற்றுமுன் வரை தான் எப்படிப் பேசிக்கொண்டிருந்தோம் என்பதும் அவனுக்குக் கேட்டது.

தாஹிரா புதுத் தேநீர் போட உள்ளே போய்விட்டாள். அவள் திரும்பி வந்தபோது அவன் கேபிளைச் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டிருந்தான்.

"நான் கேட்டதுக்கு பதில் சொல்லலையே டீச்சர்."

"டீ ஆறிடும்ணே."

மறுநாள் சவரிமுத்து வெள்ளத்தாயின் வீட்டு வாசலில் நின்றான்.

அவள் உள்ளே கூப்பிடவில்லை.

"மறுபடியும் எதுக்கு வந்திருக்கே?"

"அன்னிக்கு எடுத்தது கெட்டுப்போச்சும்மா. சத்தம் சரியா வரல."

"சத்தம் வரலையா?" அவள் கையில் இருந்த முறத்தைக் கீழே போட்டாள். "நான் என்ன கூத்தாடியா? நீ கெடுத்துட்டு வந்து நிப்பே, நான் மறுபடியும் உட்கார்ந்து எம்பிள்ளை செத்த கதையைச் சொல்லணுமா? போய்யா. போயி உங்க சங்கத்துல சொல்லு, அவளுக்கு வேற வேலை இருக்குன்னு."

சவரிமுத்து வாயைத் திறந்தான். மூடினான். கொஞ்சம் பொறுத்து மெதுவாகச் சொன்னான்.

"கெட்டதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். யாரும் காரணமில்ல, எங்க விதின்னு சொல்லியிருக்கீங்க. அதுவே போதும்னா சொல்லுங்கம்மா. படத்துல அதை எழுத்தா போட்டுடுறேன்."

வெள்ளத்தாய் அவனை முறைத்தாள். தாடை இறுகியது.

"போடாதே," என்றாள்.

பிறகு முறத்தை எடுத்துச் சுவரில் சாய்த்துவிட்டு, கதவை விட்டு விலகி நின்றாள்.

அவன் கேமராவை நிறுத்தினான். அவள் சேலைத் தலைப்பில் மைக்கைக் குத்திக்கொள்ளச் சொன்னான். ரெக்கார்டரை இரண்டு தடவை அமுக்கினான். ஹெட்போனைக் கேமராவில் செருகிப் போட்டுக்கொண்டு, "ஏதாவது பேசுங்கம்மா," என்றான்.

"என்னத்தைப் பேச?"

தெளிவாகக் கேட்டது. அவள் பக்கத்தில் வந்து காதோடு சொன்னதுபோல இருந்தது.

வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது.

வீரணன் உள்ளே வந்தான். மில் சட்டை போட்டிருந்தான். கேமராவைப் பார்த்தான், அண்ணியைப் பார்த்தான், சவரிமுத்துவைப் பார்த்துச் சிரித்தான்.

"என்ன சார், திரும்பவுமா? சொல்லியிருந்தா நானே வீட்ல இருந்திருப்பேன்ல. அட்டை பிடிக்கணுமா?"

வெள்ளத்தாயின் கண் தரைக்குப் போனது.

சவரிமுத்துவுக்கு நேற்று வாயில் வந்த வார்த்தை இன்றும் வந்தது. தன் மூச்சு ஏறுவது அவனுக்குத் தெரிந்தது.

"நீங்க ஆரம்பிங்கம்மா," என்றான்.

"எம்மவ... காய்ச்சல்னு..."

வீரணன் இருமினான்.

அவள் நிறுத்திவிட்டாள்.

சவரிமுத்து ஹெட்போனைக் கழற்றினான். கேமராவைவிட்டு நகர்ந்து வீரணனிடம் போனான்.

"அண்ணே, ஒரு உதவி. போன தடவை சத்தம் கெட்டுப்போச்சு. எனக்குக் காது அவ்வளவு போதாது. சத்தம் சரியா வருதான்னு நீங்க கொஞ்சம் கேட்டுச் சொல்றீங்களா?"

"நானா? எனக்கென்ன தெரியும் இதுல?"

"ஒண்ணும் தெரிய வேண்டாம். கேட்டா போதும்."

வீரணனுக்கு அது பிடித்திருந்தது. என்ன பேசுகிறாள் என்று ஒரு வார்த்தை விடாமல் தெரிந்துகொள்ளலாம். கேமராவுக்குப் பின்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான். சவரிமுத்து ஹெட்போனை அவன் தலையில் மாட்டி, இரண்டு காதும் மூடும்படி அழுத்திவிட்டான்.



வெள்ளத்தாய் பேச ஆரம்பிக்கும் முன்பே வீரணனின் முகம் மாறியது. ஒரே வீட்டில் இத்தனை காலம் இருந்தும் அண்ணியின் மூச்சை அவன் இவ்வளவு பக்கத்தில் கேட்டதில்லை. அது திக்கித் திக்கி வந்தது. சேலை உரசியது.  இருமுவதற்காகத் தூக்கிய கை வாய்க்கு முன்னால் அப்படியே நின்றது.

வெள்ளத்தாய் நிமிர்ந்தாள். கேமராவைப் பார்க்கவில்லை.

"கேக்குதா வீரணா?" என்றாள்.

அவள் சத்தம் போடவில்லை. ஆனாலும் அவன் தலை பின்னுக்குப் போனது.

"கேக்குதான்னு கேட்டேன்."

அவன் தலையை ஆட்டினான்.

"எம்மவ உங்கிட்டத்தான்டா மொதல்ல வந்து லீவு கேட்டா."