அழுத்தியதும் சிவந்த கட்டி

திருப்பூரில் ஒரு ஸ்கேன் அறை இருந்தது. அங்கே ப்ரோப்புக்கும் ஊசிக்கும் ஒரு நாளும் ஆகாது. ப்ரோப் உடம்பின் மேலே வைத்துப் பார்க்கும் கருவி. ஊசி கட்டிக்குள்ளேயே போய்ச் சோதனைக்காகச் சதையைக் கிள்ளி வருவது.

ப்ரோப் புதிதாக ஒரு வித்தை கற்றிருந்தது. கட்டியிடம் நீ மெத்தென்று இருக்கிறாயா, கெட்டியாக இருக்கிறாயா என்று கேட்டு, பதிலைத் திரையில் வண்ணமாகத் தீட்டிவிடும். மெத்தென்றால் நீலம், கெட்டியென்றால் சிவப்பு. அந்தப் பெருமை அதற்குத் தாங்கவில்லை.

"நான் போகாமல் எந்தக் கட்டி உண்மை பேசியிருக்கிறது?" என்றது ஊசி.

"இன்றைக்குப் பார்" என்றது ப்ரோப்.

பனியன் கம்பெனியில் தைக்கும் பூங்கோதை உள்ளே வந்தாள். அவளுக்கு மார்பில் ஒரு கட்டி. நர்ஸ் கனகம் அட்டையும் பேனாவுமாக நின்றார்.

"எப்ப இருந்து இருக்கு? ஏன் உடனே வரல? இத்தனை நாள் என்ன பண்ணீங்க?"

"ரெண்டு வாரந்தானுங்க" என்று பூங்கோதை கூரையைப் பார்த்தாள்.

டாக்டர் ரெஜினா ப்ரோப்பை எடுத்தார். கறுப்பு வெள்ளைப் படத்தில் கட்டி சாதுவாகத்தான் தெரிந்தது. ஓர் ஓரம் மட்டும் சந்தேகமாக இருந்தது. மெத்தென்று இருந்தால் இப்போதைக்கு ஊசி வேண்டாம். கெட்டியாக இருந்தால் ஊசிதான்.

ப்ரோப்புக்குத் தலைகால் புரியவில்லை. டாக்டரின் கையையும் இழுத்துக்கொண்டு கட்டியின் மேல் ஏறி உட்கார்ந்தது. "சொல், நீ யார்? சொல்!"

கட்டி விறைத்துக்கொண்டது. பக்கத்தில் சும்மா கிடந்த கொழுப்பும் விறைத்தது. திரை முழுக்கச் சிவப்பு.

"நகரு, நகரு!" என்று ஊசி தட்டில் துள்ளியது.

"சிவப்புன்னா கெட்டதுங்களா டாக்டர்?" பூங்கோதை பயந்தே போனாள், பாவம்.

"அட, இருங்க. நான்தான் அழுத்திட்டேன். அழுத்தினா நல்ல சதையும் கெட்டியாத்தான் காட்டும்."

ப்ரோப் வழுக்கிப் போக உடம்பில் பூசும் ஜெல்லின் பாட்டிலுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அப்பனே, நீ மிதக்கத்தானே என்னைப் பூசுகிறார்கள்!" என்று இன்னும் கொஞ்சம் ஜெல்லைக் கக்கியது.

ப்ரோப் வெட்கத்தோடு அதன் மேல் மிதந்து, சின்னக் குரலில் கேட்டது. "உன்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறாயா?"

"இப்படிக் கேட்டால் சொல்ல மாட்டேனா?" என்றது கட்டி. "நான் மெத்தென்றுதான் இருக்கிறேன். நீ ஏறி உட்கார்ந்ததில் எனக்கு ரோஷம் வந்துவிட்டது."

மூன்று முறை கேட்டார்கள். மூன்று முறையும் நீலம்.

ஊசி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது. "மெதுவாகக் கேட்டும் ஒரு கட்டி சிவந்தால் உன்னைத்தான் கூப்பிடுவேன்" என்று ப்ரோப் சமாதானம் சொன்னது.

"இப்ப ஊசி வேண்டாம். ஆறு மாசம் கழிச்சு மறுபடி பார்த்துக்கலாம்" என்று டாக்டர் துடைக்கத் துணி கொடுத்தார். பிறகு, "ரொம்பப் பயந்துட்டீங்களா?" என்றார்.

அவ்வளவுதான் கேட்டார். பூங்கோதைக்குக் கண் நிறைந்துவிட்டது.

"ஏழு மாசமா இருக்குதுங்க. திட்டுவீங்கன்னு ரெண்டு வாரம்னு சொல்லிட்டனுங்க. அன்னைக்கு இருந்த அளவுதான் இன்னைக்கும்."

"பெருசாகலையா? இதைச் சொன்னது ரொம்ப நல்லதாப் போச்சு."

"அந்த ஆறு மாசத் தேதிய எழுதிக் குடுங்க டாக்டர். நானே வந்துடறனுங்க."

கனகம் அட்டையில் 'இரண்டு வாரம்' என்பதை அடித்து 'ஏழு மாதம்' என்று எழுதி, வர வேண்டிய தேதியையும் குறித்துக் கொடுத்தார். பேனாவைப் பைக்குள் போட்டுக்கொண்டு, கதவைத் திறந்து அடுத்தவரைக் கூப்பிட்டார்.

"வாங்க. முதல்ல உட்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?"