ஒற்றைச் செருப்பு தைத்தவன்

முன்னொரு காலத்தில், எந்தக் காலம் என்று என்னைக் குடையாதீர்கள், ஒரு நாட்டை ஓர் அரசர் ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் காதில் விழுந்ததெல்லாம் கையில் வேண்டும் அவருக்கு!

ஒருநாள் அயர்லாந்து என்ற மேற்குத் தீவிலிருந்து வந்த கப்பல் வியாபாரி சபையில் ஒரு கதை சொன்னான். "எங்கள் ஊரில் லெப்ரகான் என்றொரு மாயக் குள்ளன் உண்டு, மகாராஜா. வேலியோரம் தனியாக உட்கார்ந்து எப்போதும் ஒற்றைச் செருப்புத்தான் தைப்பான். பானை நிறையப் பொன் புதைத்து வைத்திருப்பான். பிடித்துக்கொண்டு கண்ணை எடுக்காமல் பார்த்தால் இடத்தைக் காட்டியாக வேண்டும். கண்ணை எடுத்தால் மறைந்துவிடுவான். அவனைப் பிடித்தவர்கள் உண்டு, பொன்னோடு வீடு திரும்பியவர்கள் இல்லை."

கடைசியாகச் சொன்னது அரசர் காதில் ஏறவே இல்லை. "எனக்கு ஒரு லெப்ரகான் வேண்டும்!" என்றார்.

"அது அவர்கள் ஊர்க் கதை, மகாராஜா. இங்கே கிடைக்காது" என்றார் விகடகவி அங்கமுத்து. அவர்மேல் வெகுநாளாகப் பொருமிக்கொண்டிருந்த தளபதி உக்கிரவர்மருக்கு இது போதாதா? "நான் கொண்டுவருகிறேன்" என்று மீசையை முறுக்கிக்கொண்டு கிளம்பினார்.

மறுநாளே கொண்டும் வந்துவிட்டார்! யாரை? கடைத்தெருவில் செருப்புத் தைக்கும் மாரப்பனை. ஆள் மூன்றடி உயரம். பிடித்தபோது, பாவம், கையில் இருந்தது ஒற்றைச் செருப்பு. கண்ணை எடுக்காமல் அவனையே பார்த்தபடி நடந்துவந்ததில் வீரர்கள் நாலு பேர் சாக்கடையில் விழுந்து எழுந்திருந்தார்கள்.

"சாமி, இன்னொரு செருப்பு நல்லாத்தான் இருக்கு. இது மட்டும் அறுந்துபோச்சுன்னு தைக்கக் குடுத்தாங்க" என்று மாரப்பன் கெஞ்சினான்.

"பொய்! பொழுது சாய்வதற்குள் பொன்னைக் காட்டாவிட்டால் சவுக்கடி!" என்றார் தளபதி. அரண்மனை வாசலில் மாரப்பனின் மனைவி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

அங்கமுத்து முன்னால் வந்தார். "மகாராஜா, ஒரு கணம் எல்லோரும் வேறுபக்கம் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்" என்றார்.

"ஐயோ, பொன் போய்விடுமே!" என்று பதறிய அரசர் இமைக்கக்கூட மறுத்துவிட்டார். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. பட்டத்தரசி வந்தால் எல்லோரும் குனிந்து தரையைப் பார்க்க வேண்டும். அங்கமுத்து சபை வாசலுக்குப் போய், "பட்டத்தரசியார் வருகிறார்! பராக்! பராக்!" என்று முழங்கினார். சபை மொத்தமும் குனிந்தது, தளபதி உட்பட. அரசரோ சட்டென்று திரும்பி வாசலைப் பார்த்தார். அங்கே அங்கமுத்துவைத் தவிர யாரும் இல்லை.

"எங்கே அரசி?" என்று சீறினார்.

"அரசியார் வரவில்லை, மகாராஜா. இவனும் போகவில்லை."

எல்லோரும் திரும்பினார்கள். மாரப்பன் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

அரசர் வியந்துபோனார். "யாரும் உன்னைப் பார்க்கவில்லை, கதவும் திறந்திருந்தது. ஏனப்பா ஓடவில்லை?"

"ஓடியிருந்தா நான்தான் அந்த மாயக்காரன்னு ஆகியிருக்குமே, சாமி. அப்புறம் எங்க போய்ப் பொழைக்கிறது?"

அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றி அங்கமுத்துவின் கழுத்தில் போட்டார். குனிந்த தளபதி நிமிரவே இல்லை.

"உனக்கு என்ன வேண்டும், மாரப்பா? கேள்!"

"வீட்டுக்குப் போகணும் சாமி. வாசல்ல அவ அழுதுக்கிட்டே நிக்கிறா."

அரசரின் சிரிப்பு நின்றது. எழுந்துவந்து மாரப்பனின் கையைப் பிடித்து, தாமே அரண்மனை வாசல்வரை அழைத்துப்போனார். அந்தப் பெண்ணிடம், "தப்பு என்மேல்தான், தாயே" என்றார்.