அணில் கடிக்காத கேபிள்

நாவல்குளத்துக் காட்டில் இன்டர்நெட் படுத்துவிட்டது. அறுந்துபோகவில்லை. அறுந்திருந்தால் எல்லோரும் வேறு வேலையைப் பார்த்திருப்பார்கள். வந்துகொண்டுதான் இருந்தது, நத்தை மாதிரி. அதுதான் எரிச்சல்.

கொக்கு மீன் வீடியோ போட்டால், மீன் வாயைத் திறக்கும். அப்படியே நிற்கும். கொக்கு போய் நிஜ மீன் ஒன்றைப் பிடித்துத் தின்றுவிட்டு வந்து பார்த்தாலும் வாய் திறந்தபடியே இருக்கும். முயல் அடுத்த காட்டிலிருக்கும் தன் அக்காவோடு வீடியோவில் பேசினால், அக்காவின் ஒரு காது மட்டும் தெரியும். மயில் தன் ஆட்டத்தைப் படம் பிடித்து அனுப்பி நாலு நாள் ஆகிறது, இன்னும் போய்ச் சேரவில்லை.

ஆமை மட்டும்தான் குறை சொல்லவில்லை. “மெதுவா இருக்கா? எங்கே?” என்று அது கேட்டது.

எல்லோரையும்விட அதிகமாகச் சத்தம் போட்டது கரடி. அந்தக் காட்டுக்கு மொத்தமே ஒரு இணைப்புதான். மலையடிவாரத்திலிருந்து ஒரு கேபிள் வரும். குளக்கரை இலுப்பை மரத்தில் ஏறி இறங்கி, கரடியின் குகைக்குள் இருக்கும் பெட்டிக்குப் போகும். அந்தப் பெட்டியிலிருந்துதான் எல்லோருக்கும் வைஃபை. மழை படாத இடம் என்பதால் பெட்டியை அங்கே வைத்தார்கள். கரடியோ, தான்தான் இன்டர்நெட்டுக்குத் தலைவர் என்று முடிவு செய்துகொண்டது. கரடியிடம் போய் இல்லை என்று யார் சொல்வது?

கரடிக்குக் கார் பந்தய விளையாட்டு என்றால் உயிர். இப்போது அதுவும் திக்கியது. அதனால் ஒரு மத்தியானம் எல்லோரையும் குளக்கரைக்கு வரச் சொன்னது. கிளம்பும்போது மறக்காமல் கம்ப்யூட்டரை அணைத்தது. திறந்து போட்டுவிட்டு வந்தால் குரங்குகள் புகுந்து தன் பந்தயத்தை ஆடித் தோற்றுவிடும் என்று அதற்குப் பயம்.

கூட்டத்தில் கரடி சுற்றி வளைக்கவில்லை. கேபிள் இலுப்பை மரத்தின் வழியாக வருகிறது. இலுப்பை மரத்தில் அணில் இருக்கிறது. அணிலுக்குப் பல் இருக்கிறது. “வேற யாரு கடிச்சிருப்பா?” என்றது.

“எனக்கு மட்டுமா பல் இருக்கு? முயலுக்கு இல்லையா?” என்று அணில் கேட்டது.

முயல் சட்டென்று வாயை மூடிக்கொண்டது.

“நான் கடிச்சிருந்தா மொத்தமா நின்னு போயிருக்குமே அண்ணே. மெதுவாவா வரும்?”

“கொஞ்சமா கடிச்சிருப்ப” என்றது கரடி.

அந்த நேரம் பார்த்துக் கொக்கு தன் போனைத் தட்டியது. மீன் வாயை மூடியது, வாலை ஆட்டியது, நீந்திப் போனது. எல்லாம் ஒரே மூச்சில். கொக்கு சந்தோஷத்தில் இரண்டு காலையும் ஊன்றி நின்றுவிட்டது.

கரடி எழுந்து நின்றது. “பாத்தீங்களா! அணில் இங்க உக்காந்திருக்கு, கடிக்கல. உடனே நெட் ஓடுது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?”

எல்லோரும் தலையாட்டினார்கள். சும்மா சொல்லக் கூடாது, அப்போது அது சரி மாதிரிதான் இருந்தது.

கரடி தீர்ப்பும் சொல்லிவிட்டது. நெட்டைக் கெடுப்பது எதுவாக இருந்தாலும் பொழுது சாய்வதற்குள் காட்டைவிட்டுக் காலி பண்ண வேண்டும்.

அணில் தன் மரத்தை நிமிர்ந்து பார்த்தது. கூட்டில் மூன்று குட்டிகள். இன்னும் கண்கூடத் திறக்கவில்லை. ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு, பருந்துக்குப் பயந்து, தெரியாத காட்டில் மரம் தேட வேண்டும். அழுதால் ஆகாது என்று அதற்குத் தெரிந்தது. பொழுது சாயும் வரை எனக்கு நேரம் இருக்கிறதுதானே, அதுவரை நான் தேடிப் பார்க்கிறேன் என்று கேட்டது. தேடிக்கோ என்று சொல்லிவிட்டுக் கரடி குகைக்குப் போனது. கொட்டாவி விட்டபடி கம்ப்யூட்டரைப் போட்டது.

அணில் முதலில் கேபிளைப் பார்த்தது. வேரிலிருந்து நுனிவரை ஓடி, கொக்கைக் கூப்பிட்டுக் காட்டியது. ஒரு கீறல் இல்லை. ஆனால் கொக்கின் போனில் மீன் மறுபடியும் வாயைத் திறந்தபடி நின்றது.

“அப்போ யாரோ உறிஞ்சுறாங்க. நீ போனையே பார்த்துட்டு நில்லு. நான் ஒவ்வொரு வீடா அணைச்சிட்டு வர்றேன்” என்றது அணில்.

நிற்பது கொக்குக்குப் பிடித்த வேலை. நின்றது.

அணில் முதலில் மயிலிடம் ஓடியது. பெரிய வீடியோ அனுப்புகிற ஆள், அதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்தது. நாலு நாள் காத்திருந்ததை நிறுத்த மயில் லேசில் சம்மதிக்கவில்லை. கடைசியில் தோகையைச் சிலுப்பிக்கொண்டு அணைத்தது. மீன் அசையவில்லை. முயல் அக்காவிடம் அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லி அணைத்தது. மீன் அசையவில்லை. ஆமை போன மாதம் பார்க்க ஆரம்பித்த சினிமாவை நிறுத்தியது. இன்னும் பெயர் போடுவதே முடியவில்லையாம். மீன் அதற்கும் அசையவில்லை.

வெயில் மஞ்சளாகிவிட்டது. அணில் கொக்கின் காலடியில் வந்து உட்கார்ந்தது. அணைத்துவிட்டு வந்த மற்றவர்களும் சுற்றி நின்றார்கள்.

“மத்தியானம் ஓடிச்சே. அப்போ என்ன வித்தியாசம்?” என்று யோசித்தது. மத்தியானம் எல்லோரும் இங்கே இருந்தார்கள். இப்போதும் எல்லோரும் இங்கே இருக்கிறார்கள், ஒருவரைத் தவிர.

அணில் குகையைப் பார்த்தது. கொக்கும் பார்த்தது.

“வேணாம். அடிப்பாரு” என்றது கொக்கு.

“எப்படியும் துரத்தப்போறாரு. அடிச்சா என்ன?” என்றது அணில். ஓடியது. மற்றவர்களும் கொஞ்சம் தள்ளியே பின்னால் போனார்கள்.

கரடி கம்ப்யூட்டர் முன்னால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தது. அதன் கார் ஒரு வளைவில் அப்படியே நின்றது. உங்க கம்ப்யூட்டரையும் பார்க்கணும் என்று அணில் சொன்னதும், தன்னையே சந்தேகப்படுவதா என்று அதற்குக் கோபம் வந்தது. தானும்தானே திண்டாடுகிறோம், தன் நெட்டைத் தானே கெடுத்துக்கொள்ள தனக்கென்ன பைத்தியமா என்று உறுமியது.

அணில் திரையின் ஓரத்தைக் காட்டியது. “அண்ணே, இங்க ஒரு வட்டம் சுத்துதே, அது என்ன?”

“அது எப்பவும் சுத்தும்.”

“எப்பவும்னா?”

“ஒரு வாரமா.”

அணில் அதன்மேல் கையை வைத்து அமுக்கியது. நீளமாக ஒரு பட்டியல் விரிந்தது. தேன்கூடு வேட்டை மூன்றாம் பாகம், புதுப்பிக்கிறது. பனிமலைப் போர், இறங்குகிறது. கிழங்குத் தோட்டம், புது வரைபடம் இறங்குகிறது. மொத்தம் பதிமூன்று விளையாட்டுகள். எல்லாமே ஏதோ ஒன்றை இறக்கிக்கொண்டிருந்தன.

“இதெல்லாம் நான் ஆடுறதே இல்லையே!” என்றது கரடி. உண்மைதான், பொய் சொல்லவில்லை. இலவசம் என்று பார்த்ததையெல்லாம் ஏற்றி வைத்திருந்தது. ஆடுவது கார் பந்தயம் மட்டும்தான்.

“நீங்க ஆடல அண்ணே. ஆனா அதுங்க தின்னுது. கம்ப்யூட்டரைப் போட்டதும் பதிமூணும் உக்காந்து தின்னுது.”

அணில் நிறுத்தும் பொத்தானை அமுக்கியது. வெளியே கொக்கு கத்தியது. மீன் நீந்துகிறதாம்.

கரடி அந்தப் பட்டியலை மேலிருந்து கீழ்வரை படித்தது. தேன் இருக்கும் காட்டில் உட்கார்ந்துகொண்டு தேன்கூடு வேட்டையை எதற்கு ஏற்றினோம் என்று யோசித்திருக்கும். பிறகு எழுந்து தன் பாயைச் சுருட்ட ஆரம்பித்தது. தான் சொன்ன தீர்ப்பு தனக்கும்தான் என்றது.

“பாயைக் கீழ போடுங்க. காலி பண்றதுன்னா எப்படி இருக்கும்னு மத்தியானத்திலிருந்து நினைச்சுக்கிட்டே ஓடினேன். அது இன்னொருத்தருக்கு வேணாம். எதுவா இருந்தாலும்னு தானே சொன்னீங்க? கெடுத்தது இந்தப் பதிமூணு. பொழுது சாயுறதுக்குள்ள இதுங்க காலி பண்ணட்டும்” என்றது அணில்.

கரடி ஒவ்வொன்றாக அழித்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெருமூச்சு. கிழங்குத் தோட்டத்துக்கு இரண்டு. பதிமூன்றாவது போனபோது சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியது. கரடி அணிலிடம் போய், இனி உன் மரத்துப் பக்கம் யார் பேச்சும் வராது, குட்டிகளைத் தூங்க வை என்று சொன்னது. சொல்லும்போது அணிலின் முகத்தைப் பார்க்கவில்லை, தன் கால் நகத்தைத்தான் பார்த்தது.

மயிலின் ஆட்டம் போய்ச் சேர்ந்தது. முயலின் அக்காவுக்கு இரண்டு காதும் தெரிந்தது. கரடியின் கார் வளைவிலிருந்து பாய்ந்து, நேராகப் போய்ச் சுவரில் மோதியது. நெட் சரியில்லை என்று சொல்ல இனி வழியும் இல்லை.

ஆமை மட்டும் மூச்சிரைக்க வந்தது. “படம் என்ன இவ்வளவு வேகமா ஓடுது? யாராவது வந்து சரி பண்ணுங்கப்பா!”

குறை எங்கே என்று தேடக் கிளம்புகிறவர், அடுத்தவர் மரத்தில் ஏறுவதற்கு முன்னால் தன் வீட்டில் எது ஓடுகிறது என்று பார்க்க வேண்டும்.