பேசாத கறுப்புத் திரை

திண்டுக்கல்லில் ஒரு நூற்பாலையின் கம்ப்யூட்டர் சர்வர்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஆரோக்கியதாஸ். நாற்பத்தேழு வயதில் கண் நரம்பு கெட்டு, ஒரே வருடத்தில் பார்வை முழுதாகப் போய்விட்டது. மில்லில் அவரைக் கைவிட்டுவிடவில்லை. "பழகிட்டு வந்து வேலையைச் செஞ்சு காட்டுங்க, பழைய நாற்காலி உங்களுக்குத்தான். முடியலைன்னா டெலிபோன் எடுக்கிற இடத்துல உட்காருங்க" என்றார்கள்.

அந்த நாற்காலிக்காகத்தான் திருச்சிக்கு வந்து, பார்வையற்றவர்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லித்தரும் நாச்சம்மையிடம் படித்தார். நாச்சம்மைக்கு வயது இருபத்தொன்பது. பிறவியிலேயே பார்வை இல்லை. எழுத்துகள் மட்டும் ஓடும் கறுப்புத் திரையை வாய்விட்டுப் படிக்கும் ஸ்கிரீன் ரீடரைத் தாஸின் லேப்டாப்பில் அமைத்துக் கொடுத்ததும் அவர்தான். அன்றிலிருந்து அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டே தாஸ் வேலை பழகினார்.

திங்கட்கிழமை மில்லில் செய்து காட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் வகுப்புக்கு வந்தவர், அங்கேயே விட்டுப் போயிருந்த லேப்டாப்பைத் திறந்தார். குரல் வரவில்லை.

"டீச்சர், இது பேசலையே."

"பேசாது சார். காலையில எல்லாத்தையும் அழிச்சுட்டு சிஸ்டத்தைப் புதுசாப் போட்டுட்டேன்."

"அழிச்சுட்டீங்களா? திங்கட்கிழமை எனக்கு…"

"தெரியும். பேரும் பாஸ்வேர்டும் பழசுதான். ஸ்கிரீன் ரீடர் உள்ளேதான் இருக்கு. சத்தத்தைத் திறந்துவிட்டு, அதை எழுப்பணும். நீங்களே செய்யுங்க."

தாஸுக்குக் கோபம் வந்தது. கோபத்தோடே தட்டினார். பெயர், பாஸ்வேர்டு, கட்டளைகள். ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி தட்டினார். காதை ஸ்பீக்கர் மேல் வைத்துப் பார்த்தார்.

"எங்க தப்புப் பண்ணேன்னே தெரியலை. பேரையாவது வாங்கிக்கிச்சான்னு தெரியலை. கண்ணு தெரியுற யாரையாவது கூப்பிடுங்க டீச்சர். திரையில என்ன இருக்குன்னு பாத்துச் சொல்லட்டும்."

"கூப்பிடலாம்" என்றார் நாச்சம்மை. "மில்லுல பார்வையோட இருந்தப்போ, இதே மாதிரித் திரையிலதானே பாஸ்வேர்டு அடிப்பீங்க?"

"ஆமா."

"அடிக்கும்போது திரையில என்ன தெரியும்?"

"ஒன்னும் தெரியாது."

"புள்ளி, நட்சத்திரம் எதுவும்?"

"அதுகூட வராது. கர்சர் நின்ன இடத்துலயே நிக்கும்."

"எத்தனை வருஷம் அப்படி அடிச்சீங்க?"

"இருபது வருஷத்துக்கு மேல இருக்கும்."

"அப்போல்லாம் யாரைக் கூப்பிட்டுக் கேட்டீங்க?"

வெளியே பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

தாஸ் பவர் பட்டனை அழுத்தி லேப்டாப்பை அணைத்தார். திரும்பப் போட்டார். உள்ளே மின்விசிறி இரைந்து அடங்கும்வரை பொறுமையாக இருந்தார். பிறகு பெயரைத் தட்டினார். பாஸ்வேர்டைத் தட்டினார். சத்தத்தைத் திறக்கும் கட்டளையில் ஒரு விரல் தடுமாறியது. அந்த வரியை விட்டுவிட்டுப் புதிதாக ஆரம்பித்தார். இப்போது அவர் ஸ்பீக்கர் பக்கம் குனியவே இல்லை. கடைசிக் கட்டளையையும் தட்டி முடித்து, என்டர் பட்டனை அழுத்தினார்.

கரகரவென்று, மூச்சுவிடாமல், அந்த இயந்திரக் குரல் பேச ஆரம்பித்தது. "தகரத்துல ஆணி கீறுற மாதிரி இருக்கு" என்று முதல் நாள் அவர் முகம் சுளித்த குரல். தாஸ் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கன்னத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பேசுது டீச்சர்!"

"எனக்கும் கேக்குது."

கொஞ்ச நேரம் அது படிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"திங்கட்கிழமை, அத்தனை பேர் முன்னாடி, இது திடீர்னு நின்னுட்டா?"

"நிக்கும் சார். எனக்கே எத்தனையோ தடவை நின்னிருக்கு."

"அப்போ என்ன பண்றது?"

"அது பேசலைன்னா என்ன? இன்னைக்கு மாதிரி நீங்க அதுகிட்ட பேசுங்க."