எண்பத்திரண்டு மணி நேரம்

கடலோர ஊர் ஒன்றின் கல்லூரியில் விலங்கியல் படித்தாள் சகாய விண்ணரசி. பிளஸ் டூ முடித்து நான்கு வருடம் மருந்துக்கடையில் நின்றவள். மாத்திரை எடுத்துக் கொடுத்தே காலம் போய்விடுமோ என்ற பயத்தில், இருபத்திரண்டு வயதில் கல்லூரியில் சேர்ந்தாள். பட்டம் முடிந்ததும் மருத்துவத் துறையில் மேலே படிக்க வேண்டும் என்பது அவள் எண்ணம்.

அப்படி நினைக்கும் மாணவர்களுக்கு அங்கே பொறுப்பாசிரியை மெஹ்ராஜ் பானு. விண்ணரசியைவிட எட்டு வயதுதான் பெரியவர். சனிக்கிழமைதோறும் மாணவர்களை அரசு மருத்துவமனையின் பெண்கள் வார்டுக்கு அழைத்துப் போவார்.

மூன்றாம் ஆண்டு முடிவில் கல்லூரி ஒரு சிறப்புத் தகுதிப் பட்டியல் போடும். மதிப்பெண்ணில் முதல் ஐந்து இடங்களுக்குள் வர வேண்டும்; ஏதாவது ஒரு மருத்துவமனையில் நூறு மணி நேரம் சேவை செய்திருக்க வேண்டும். இரண்டும் இருந்தால் பதக்கமும் சான்றிதழும் கிடைக்கும். மேற்படிப்புக்கான நேர்முகத்தில் அந்தச் சான்றிதழுக்கு மதிப்பு உண்டு.

விண்ணரசி வகுப்பில் முதல். ஆனால் அவள் வார்டில் வேலை செய்தது எண்பத்திரண்டு மணி நேரம். நடுவில் டைபாய்டு வந்து, அதே வார்டில் ஒன்பது நாள் நோயாளியாகக் கிடந்தாள். படுத்திருந்ததையும் கணக்கில் சேர்க்கக் கூடாதா என்று கேட்டுப் பார்த்தாள். பானு சிரித்துவிட்டு, எண்பத்திரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பட்டியல் வந்தது. அதில் அவள் பெயர் இல்லை. இரண்டாம் இடம் வாங்கிய தர்ஷனின் பெயர் இருந்தது. அவன் தன் மாமாவின் கிளினிக்கிலிருந்து நூற்றிருபது மணி நேரத்துக்குச் சான்று வாங்கி வந்திருந்தான். அந்தக் கிளினிக்கின் மாடிப்படியைக்கூடத் தான் ஏறியதில்லை என்று கேன்டீனில் அவனே சொல்லிச் சிரித்ததை விண்ணரசி தன் காதால் கேட்டிருந்தாள்.

அவள் பானுவின் அறைக்குப் போனாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"பொய் எழுதினவன் மேடை ஏறுறான். நிஜத்தை எழுதினதுக்கு எனக்கு என்ன கிடைச்சுது மேடம்?"

பானு மேசை இழுப்பறையைத் திறந்து இரண்டு கடிதங்களின் நகல்களை எடுத்து வைத்தார். இரண்டும் முதல்வருக்கு எழுதியவை. முதல் கடிதத்துக்கு, ஆதாரம் எங்கே என்று முதல்வர் கேட்டாராம். கிளினிக்கின் வருகைப் பதிவேட்டை வாங்கிப் பாருங்கள் என்று பானு மறுபடி எழுதினார். அதற்குப் பதிலே வரவில்லை. விழா மேடையில் தனக்குப் போட்டிருக்கும் நாற்காலியில் உட்காரப்போவதில்லை என்றும் அந்த இரண்டாம் கடிதத்திலேயே எழுதியிருந்தார்.

"விழா சனிக்கிழமை," என்றார் பானு. "சனிக்கிழமை நமக்கு வார்டு. வந்துரு."

விண்ணரசி வந்தாள். வேண்டாவெறுப்பாகத்தான் வந்தாள்.

ஏழாம் எண் கட்டிலில் செல்லக்கனி படுத்திருந்தார். உப்பளத்தில் வேலை செய்கிறவர். வெயிலில் மயங்கி விழுந்து இரண்டு நாளுக்கு முன் சேர்க்கப்பட்டவர். காலையிலிருந்து தலை பிளக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். நர்ஸ் அடுத்த கட்டிலில் ஒருவருக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். செல்லக்கனிக்கு பிரஷர் பார்த்துச் சொல்லும்படி விண்ணரசியிடம் கேட்டார்.

அவள் கருவியை எடுத்து வருவதற்குள் வாசலில் கூட்டம். விழா முடிந்து முதல்வரும் சிறப்பு விருந்தினரும் வந்திருந்தார்கள். பின்னால் போட்டோகிராபர், அவருக்குப் பின்னால் கழுத்தில் பதக்கத்தோடு தர்ஷன். மாணவர் சேவை செய்வது போல ஒரு படம் நாளிதழுக்கு வேண்டுமாம்.

போட்டோகிராபர் விண்ணரசியின் கையிலிருந்த கருவியை வாங்கி தர்ஷனிடம் கொடுத்தார். தர்ஷனுக்கு வியர்த்தது. கருவியின் பட்டையை ஜாக்கெட் கைக்கு மேலேயே, குழாய் தோள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும்படி சுற்றினான். அந்தப் பிள்ளை இப்படிக் கட்ட மாட்டாளே தம்பி என்று விண்ணரசியைக் காட்டினார் செல்லக்கனி.

விண்ணரசி குனிந்தாள். துணியை ஒதுக்கிவிட்டு, பட்டையைப் பிரித்துச் சரியாகக் கட்டினாள். தேங்க்ஸ் அக்கா என்று தர்ஷன் முணுமுணுத்தான்.

"பதக்கம் மறைக்குது. கொஞ்சம் தள்ளி நில்லும்மா," என்றார் போட்டோகிராபர்.

அவள் தள்ளி நின்றாள். படம் எடுத்தார்கள். இப்படிப்பட்ட பிள்ளைகளை உருவாக்கும் கல்லூரியை எவ்வளவு பாராட்டினாலும் தகும் என்று விருந்தினர் சொன்னார். எல்லோரும் வெளியேறினார்கள்.

விண்ணரசி பின்னாலேயே போனாள். தாழ்வாரத்தைத் தாண்டி, கார் நிற்கும் இடத்தில் முதல்வரை வழிமறித்தாள்.

"சார், அவன் அந்தப் பட்டையை இன்னைக்குத்தான் முதல் தடவையா தொடுறான். நூற்றிருபது மணி நேரம்னு நீங்க பதக்கம் கொடுத்திருக்கீங்க."

விருந்தினர் திரும்பிப் பார்த்தார். தர்ஷன் பதக்கத்தைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டான். முதல்வர் சிரித்து மழுப்பி, திங்கட்கிழமை அறைக்கு வரச் சொன்னார்.

"அவ சொல்றது நிஜம் சார்." பானு அவள் பக்கத்தில் வந்து நின்றிருந்தார். "திங்கட்கிழமை நானும் வர்றேன். பதிவேடு வர்ற வரைக்கும் தினமும் வருவேன்."

கார்க் கதவுகள் சாத்தப்பட்டன. வண்டி கிளம்பிப் போனது. புழுதி அடங்கும்வரை இருவரும் அங்கேயே நின்றார்கள்.

விண்ணரசி கார் போன வழியைக் காட்டினாள்.

"கட்டினது நான். படத்துல நிக்கிறது அவன். அன்னைக்கும் நீங்க பதில் சொல்லல. இன்னைக்காவது சொல்லுங்க மேடம். நிஜத்தை எழுதினதுக்கு எனக்கு என்னதான் கிடைச்சுது?"

பானு அவள் பக்கம் திரும்பினார்.

"செல்லக்கனிக்கு பிரஷர் எவ்வளவு?"

விண்ணரசி வாயைத் திறந்தாள். பிறகு வார்டு இருந்த திசையைப் பார்த்தாள்.

"எனக்கும் தெரியாது," என்றார் பானு. "நானும் கார் பின்னாடிதானே ஓடி வந்தேன்."