கடல் கேட்டவரும் ஆமை கேட்டவளும்

"இது எனக்கு வராதும்மா. நான் லாயக்கில்லன்னு எழுதிக் கொடுத்திருங்க."

கோமதிநாயகம் மவுஸைத் தள்ளி வைத்தார். ஐம்பத்தாறு வயது. முப்பது வருஷமாகக் கிளை நூலகர். எந்தப் புத்தகம் எந்த அலமாரியில், எந்தத் தட்டில் இருக்கிறதென்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். இப்போது இணைய நூலகத்திலும் புத்தகம் தேடிக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது.

சொல்லிக் கொடுப்பவள் மைமூன். அவரைவிட இருபது வயது இளையவள். கிளைகளுக்கு விடுமுறையான வெள்ளிக்கிழமைகளில் மாவட்ட நூலகத்தில் வகுப்பு. மற்ற பதினோரு பேரும் முடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

மைமூன் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை.

"என்ன தேடிட்டு இருந்தீங்க அண்ணாச்சி?"

"நீங்க கொடுத்த மூணாவது பயிற்சியத்தான்."

"யாருக்கு?"

"யாருக்கா? பயிற்சிக்குத்தாம்மா."

மைமூன் கம்ப்யூட்டரை அணைத்தாள். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"யாருக்குன்னு தெரிஞ்சதும் போன் பண்ணுங்க."

அவ்வளவுதான். போய்விட்டாள்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவருக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் கொட்டினார்.

"அவ சரியாத்தான் கேட்டிருக்கா," என்றாள் மனைவி.

அதன்பிறகு அவர் வேறு யாரிடமும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை கிளை நூலகத்துக்கு மாசிலாமணி வந்தார். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். கப்பல், தீவு, கடல் பயணம் என்று எந்தப் புத்தகம் வந்தாலும் விடமாட்டார். வாரத்துக்கு இரண்டு. ஆறு மாதமாக ஆளைக் காணோம். இன்றைக்கு மகள் கையைப் பிடித்துக்கொண்டு படியேறினார்.

மேஜையைத் தடவிப் பார்த்து உறுப்பினர் அட்டையை வைத்தார்.

"சர்க்கரை கண்ணுல இறங்கிட்டு சார். வெளிச்சம் மட்டுந்தான் தெரியுது. இத வாங்கிக்கிட்டு என் பேர அடிச்சிருங்க."

கோமதிநாயகத்துக்கு அந்த அட்டையைத் தொடவே மனம் வரவில்லை.

"உக்காருங்க."

"உக்காந்து என்ன செய்ய?"

"உக்காருங்கன்னா!"

மைமூனுக்குப் போன் போட்டார்.

"ஒரு ஆளு வந்திருக்காரும்மா."

"என்ன வேணுமாம்?"

"கண்ணு தெரியல. கடல் வேணும்."



"புத்தகத்தத் திறந்ததும் மேல ஒரு காது படம் வரும். அத அழுத்துங்க, வாசிச்சுக் காட்டும். மத்ததெல்லாம் நாம பாத்ததுதான்," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பாஸ்வேர்டு இரண்டு முறை தப்பாகப் போயிற்று. மூன்றாவது முறை திறந்தது. 'கடல்' என்று அடித்தார். மீன்வலை பின்னுவது எப்படி என்று வந்தது. உப்பு காய்ச்சுவது எப்படி என்று வந்தது.

"கப்பல்னு போட்டுப் பாருங்களேன்," என்றார் மாசிலாமணி.

போட்டார். வந்தது. ஆனால் எங்கேயோ கை பட்டு மொத்தமும் காணாமல் போய்விட்டது. வகுப்பாக இருந்தால் எழுந்து டீ குடிக்கப் போயிருப்பார்.

"இருங்க, இருங்க. இந்தா வந்துட்டேன்," என்று திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

திடீரென்று ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் பேசியது. துறைமுகத்தில், கப்பலின், பாயை, விரித்தார்கள், பக்கம், ஒன்பது.

மாசிலாமணி தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"யாரு சார் இந்தப் பிள்ள? டிக்கெட் கிழிக்க மாதிரி வாசிக்கா!"

"நிப்பாட்டிரவா?"

"சும்மா இருங்க சார். கப்பல் கிளம்பிட்டு."

வேலைக்குப் போன மகள் சாயங்காலம் திரும்பி வந்தபோதும் அவர் அதே நாற்காலியில்தான் இருந்தார். கிளம்பும்போது கோமதிநாயகம் அந்த அட்டையை எடுத்து அவர் சட்டைப் பையில் வைத்தார். மாசிலாமணி பையை ஒரு தடவை தட்டிப் பார்த்துக்கொண்டார்.

பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். தையல்காரி எஸ்தருக்குப் புது மாதிரி ரவிக்கைக் கை வெட்டு வேண்டியிருந்தது. கோழி வளர்க்கும் ஒருவருக்குக் கோழிகள் ஏன் தூங்கி விழுகின்றன என்று தெரிய வேண்டியிருந்தது. கோமதிநாயகம் தப்புத் தப்பாக அடித்து, திட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கண்டுபிடித்துக் கொடுத்தார்.

நான்கு வெள்ளிக்கிழமை வகுப்புக்குப் போகவில்லை. ஐந்தாவது வெள்ளிக்கிழமை மைமூனே வந்துவிட்டாள்.

"வகுப்புக்கு வரலையே அண்ணாச்சி?"

"லீவு நாள்லயும் ஜனங்க வந்து வாசல்ல நிக்காங்கம்மா. என்ன செய்ய? திறந்திருதேன்."

மைமூன் ஓரமாக நின்று பார்த்தாள். கூட்டம் குறைந்த பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரே உட்கார்ந்தாள்.

"ஒரு புத்தகம் தேடணும்."

"யாருக்கும்மா?"

"எனக்குத்தான்." சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்தது. "ஒரு ஆமை மழையத் தேடிப் போவும். பேரு தெரியாது. எழுதினது யாருன்னும் தெரியாது. எனக்குத் தெரிஞ்ச அத்தனை இணைய நூலகத்துலயும் பத்து வருஷமாத் தேடிட்டேன். இல்ல."

கோமதிநாயகத்தின் கை கீபோர்டுக்குப் போனது. பாதியில் நின்றது. நாற்காலியை அவள் பக்கமாகத் திருப்பினார்.

"உங்களுக்கு யாரு வாசிச்சுக் காட்டினா?"

"எங்க உம்மா. மடியில புத்தகத்த விரிச்சு வச்சுக்கிட்டு, பக்கத்தத் திருப்பித் திருப்பி வாசிப்பாங்க. எனக்கு ஆறு வயசா இருக்கும்போது தவறிட்டாங்க."

"சின்னப் பிள்ளைக புத்தகமா, பெரியவங்க புத்தகமான்னு பாக்கணும். உம்மா எத்தனாவது வரைக்கும் படிச்சிருந்தாங்க?"

பதில் சொல்ல வாயெடுத்த மைமூன் அப்படியே நிறுத்திக்கொண்டாள். அவள் கண்கள் அவரைத் தாண்டி எங்கோ போயின.

"உம்மா பள்ளிக்கூடமே போனதில்ல அண்ணாச்சி," என்றாள் மெதுவாக. "ரேஷன் கார்டுல கைநாட்டுத்தான் இருக்கும்."

கோமதிநாயகம் கீபோர்டை ஒதுக்கி வைத்தார். டிராயரைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் எடுத்தார்.

"சொல்லுங்க," என்றார். "ஆமை எங்கேருந்து கிளம்பிச்சு?"