இரண்டு தட்டில் ஒரே துவையல்

முன்னொரு காலத்தில், மிளகைத் தவிர வேறு காரம் அறியாத நாடு ஒன்று இருந்தது. அந்த நாட்டு அரசருக்கு எதைப் பார்த்தாலும் ‘ஏன், எப்படி’ என்று கேட்டுக் குடையும் குணம். ஒரு நாள் கடல் கடந்து வந்த வணிகர்கள், விரல் நீளத்தில் சிவப்புச் சிவப்பாய் ஏதோ பழங்களைக் காணிக்கை வைத்துவிட்டுப் போனார்கள். ‘மிளகாய்’ என்று நாம் இன்று சொல்கிறோமே, அதுதான். தின்பதற்கா, தலையில் சூடுவதற்கா என்று சபையில் யாருக்கும் தெரியவில்லை. அரசர் வளர்த்த கிளி மட்டும் பறந்து வந்து ஒன்றைக் கொத்தி, விதையோடு தின்றுவிட்டு, அடுத்ததற்கு அலகை நீட்டியது.

“கிளி தின்பதை நான் தின்னக் கூடாதா?” என்று அரசர் ஒன்றை எடுத்து நறுக்கென்று கடித்தார்.

மறுகணம் அவர் சபையைச் சுற்றி ஓடினார். யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் காவலர்களும் பின்னால் ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் ஓட்டம் நின்றது. பல நாளாக அடைத்துக் கிடந்த மூக்கு திறந்திருந்தது. மழைக்காலம் முழுவதும் சோற்றைக் கண்டாலே முகம் சுளித்தவருக்கு அன்று அகோரப் பசி.

“தொட்டால் குளிர்ந்திருக்கிறது, வாயில் வைத்தால் சுடுகிறது. கிளியை ஒன்றும் செய்யவில்லை, என்னை அழவைத்தது. என்ன விந்தை இது!” என்று வியந்தவர், தினமும் பந்தியில் அதைத் துவையலாக்கிப் பரிமாற ஆணையிட்டார்.

அரண்மனைச் சமையலுக்குத் தலைவி குயிலம்மை. சபையைச் சிரிக்க வைக்கும் விகடன் திருமேனி அவளுடைய கணவன். நெய் ஊற்றிய சோற்றின் ஓரத்தில் நகத்தளவுதான் அவள் துவையல் வைத்தாள். அதுவரை ஒரு தொல்லையும் இல்லை. தொல்லை பந்தி வழக்கத்தால் வந்தது.

அரசர் பந்தியில் பரிமாறியதை யாரும் மிச்சம் வைக்கக் கூடாது. அரசர் நீர் அருந்துமுன் யாரும் குவளையைத் தொடவும் கூடாது. அரசரோ, முதலில் குவளையைத் தொட்டால் காரத்துக்குப் பயந்ததாகிவிடுமே என்று தொடவில்லை. ஆகவே வாய் வெந்துபோய் எல்லாரும் புன்னகை செய்துகொண்டிருந்தார்கள்.

“இதெல்லாம் ஒரு காரமா, மன்னா! இன்னும் கொஞ்சம் வைக்கச் சொல்லுங்கள்” என்பார் அமைச்சர் உடையாண்டார், மேலாடையால் கண்ணை ஒற்றியபடி. அரசர் விட்டுக்கொடுப்பாரா? நகத்தளவு நெல்லிக்காய் அளவாயிற்று. நெல்லிக்காய் எலுமிச்சை ஆயிற்று. சோறு குறைந்து துவையல் கூடியது.

“வயிறு தாங்காது, மன்னா” என்று குயிலம்மை சொல்லிப் பார்த்தாள்.

“அரைப்பது உன் வேலை. தாங்குவது எங்கள் வேலை” என்று அவள் வாயை அடைத்தார் அமைச்சர்.

கடைசியில் ஒரு நாள் அரசர் படுக்கையில் சுருண்டார். நெஞ்சிலிருந்து வயிறு வரைக்கும் எரிந்தது. மறுநாள் காலையில் வேறோர் இடத்திலும் எரிந்தது. அதை அவர் வைத்தியரிடம்கூடச் சொல்லவில்லை.

உடையாண்டாருக்குத் திருமேனிமேல் நெடுநாள் பொறாமை. “மன்னா, இதே பழம்தானே அன்று தங்களுக்கு நன்மை செய்தது? இன்று எரிக்கிறதென்றால் துவையலில் வேறு எதையோ கலந்திருக்கிறார்கள். அரைத்த கை யாருடையது என்று எண்ணிப் பாருங்கள்” என்று காதில் ஓதினார்.

வலியில் இருந்த அரசருக்கு அது நியாயமாகப் பட்டது. குயிலம்மையை அறையில் பூட்டினார்கள். திருமேனி ஓடிவந்து அரசர் காலில் விழுந்தான்.

“ஒரு பழம் எப்படி மருந்தாகவும் நஞ்சாகவும் இருக்க முடியும், திருமேனி? அதிலுள்ள நன்மையை ஒரு தட்டிலும் தீமையை இன்னொரு தட்டிலும் எடுத்து வைத்து நாளைச் சபையில் காட்டு. காட்டினால் உன் மனைவிக்கு விடுதலை. இல்லையேல் இருவரும் நாட்டை விட்டுப் போக வேண்டும்” என்றார் அரசர்.

திருமேனி மனைவியைப் பார்க்கப் போனான்.

“ஏன் புள்ளே, நெசமாவே ஏதாச்சும் கலந்தியா?”

“ஆமா, உப்பு கலந்தேன், புளி கலந்தேன். உங்களுக்குக் கொஞ்சம் மூளை இருந்திருந்தா அதையும் சேத்து அரைச்சிருப்பேன். கேக்குற கேள்வியைப் பாரு!”

“கோவிச்சுக்காதே. நல்லதையும் கெட்டதையும் தனித்தனியாப் பிரிச்சுக் காட்டணுமாம்.”

“பிரிக்கிறதுக்கு அது என்ன அரிசியும் கல்லுமா? நகத்தளவு வச்சப்ப யாருக்காச்சும் ஏதாச்சும் ஆச்சா? நெய்யில்லாம, சோறில்லாம, வெறும் வயித்துல உருண்டை உருண்டையா முழுங்கினா, வயிறு என்ன அம்மிக்கல்லா?”

திருமேனி கதவைப் பிடித்தபடி யோசித்தான். பிறகு சிரித்தான்.

“நான் உள்ள கிடக்கேன், உங்களுக்குச் சிரிப்பா வருது?”

“நாளைக்கு நீதான் எனக்குச் சோறு போடப்போறே. அதான் சிரிக்கிறேன்” என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் சபை நிறைந்திருந்தது. மூடிய இரண்டு தட்டுகளோடு திருமேனி வந்தான். அவன் கண்கள் கோவைப்பழமாய்ச் சிவந்திருந்தன.

“இரவெல்லாம் அழுதாயோ?” என்று உடையாண்டார் இளித்தார்.

“இல்லை அமைச்சரே, அரைத்த கையால் கண்ணைத் தேய்த்துவிட்டேன்” என்ற திருமேனி அரசரை வணங்கினான். “மன்னா, பழத்தைத் தங்கள் மெய்க்காவலரே எடுத்துத் தந்தார். அவர் கண்ணெதிரே நானே அரைத்தேன். என் மனைவியின் நிழல்கூட இதன்மேல் விழவில்லை.” மெய்க்காவலன் தலையசைத்தான்.

திருமேனி தட்டுகளைத் திறந்தான். ஒன்றில் நெய்ச்சோறும் அதன் ஓரத்தில் நகத்தளவு துவையலும் இருந்தன. மற்றதில் சோறே இல்லை. துவையல் மட்டும் குன்றுபோல் குவிந்திருந்தது.

“இது நன்மை. இது தீமை” என்றான்.

சபை கொல்லென்று சிரித்தது. உடையாண்டார் துள்ளி எழுந்தார். “ஏமாற்று வேலை, மன்னா! இரண்டிலும் இருப்பது ஒரே துவையல்!”

“நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள், அமைச்சரே. ஒன்றேதானா?”

“ஒன்றேதான்! கடுகளவும் வித்தியாசம் இல்லை!”

“அப்படியானால் யாருக்கு எந்தத் தட்டு என்பதில் வழக்கில்லை. மன்னா, தங்கள் பந்தியாக நினைத்து நானும் அமைச்சரும் இங்கேயே உண்கிறோம். உத்தரவு வேண்டும்.”

அரசர் ஆவலோடு முன்னால் சாய்ந்தார். “உண்ணுங்கள்.”

நெய்ச்சோற்றுத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு திருமேனி சம்மணமிட்டு உட்கார்ந்தான். குன்று உடையாண்டாருக்கு வந்தது. பந்தி வழக்கப்படி மிச்சம் வைக்க வழியில்லை. முதல் உருண்டைக்கு அவர் புன்னகைத்தார். அடுத்ததற்குத் தலைப்பாகை நனைந்தது. அதற்கடுத்ததற்கு விக்கல் வந்தது. திருமேனியோ சோற்றை ருசித்து முடித்து, “இன்னும் ஒரு கைப்பிடி கிடைக்குமா?” என்று கேட்டான்.

உடையாண்டாரின் கை தானாகப் பக்கத்திலிருந்த நீர்க்குவளையைப் பற்றியது. அந்தப் பந்தியில் அரசருக்குமுன் நீர் குடித்த முதல் மனிதர் அவர்தான். குடித்ததும் எரிச்சல் வாயெங்கும் பரவியது.

“மன்னா! போதும்! அது வேறு, இது வேறு!” என்று அலறினார்.

“சபையோர் கேட்டீர்களா? வித்தியாசத்தை அமைச்சரே கண்டுபிடித்துவிட்டார்” என்றான் திருமேனி.

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்தால் எரிந்தது, ஆனாலும் நிறுத்த முடியவில்லை. குயிலம்மையை உடனே அழைத்துவரச் சொன்னார். வந்தவள் உடையாண்டாரின் கோலத்தைப் பார்த்தாள். “ஐயோ பாவம், காரத்துக்குத் தண்ணி கொடுத்தது யாரு?” என்று மடப்பள்ளிக்கு ஓடி, ஒரு கிண்ணம் கட்டித் தயிரைக் கொண்டுவந்து கொடுத்தாள். அமைச்சர் மறுபேச்சில்லாமல் வாங்கிச் சாப்பிட்டார்.

“உண்மையைச் சொல்கிறேன். எனக்கு முதல் நாளிலிருந்தே தண்ணீர் குடிக்க வேண்டும் போலிருந்தது” என்றார் அரசர் தயங்கியபடி.

“எங்களுக்கும், மன்னா!” என்றது சபை ஒரே குரலில். ஒவ்வொருவராக வயிற்றெரிச்சலைச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

அரசர் குயிலம்மையிடம் மன்னிப்புக் கேட்டு, கையிலிருந்த பொற்காப்பைக் கழற்றிக் கொடுத்தார். திருமேனிக்குப் பட்டாடை போர்த்தினார். இனிப் பந்தியில் யாரும் எப்போது வேண்டுமானாலும் நீரோ மோரோ அருந்தலாம், குயிலம்மை வைப்பதே அளவு என்று ஆணை பிறந்தது. பிறகு அவளைப் பார்த்து மெல்லக் கேட்டார்: “நாளைக்கு எனக்கு எவ்வளவு துவையல் வைப்பாய், அம்மா?”

“வயிறு ஆறுகிற வரைக்கும் துவையலே கிடையாது, மன்னா. மோர்ச்சோறுதான்.”

அரசரிடம் ‘கிடையாது’ என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. சபையோர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். திருமேனி மட்டும் கைகூப்பிச் சொன்னான்: “வருந்தாதீர்கள், மன்னா. வீட்டில் எனக்கும் இதே தீர்ப்புத்தான். மேல்முறையீடு செய்ய இடமே இல்லை!”

அரசர் மறுபடியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.